சோதனைக்கு அடித்த பேனர்

கோபிசெட்டிபாளையத்தில் யாராவது இறந்துபோனால் அரை மணி நேரத்துக்குள் ஒருவர் என் கடைக்கு வந்துவிடுவார். பெரும்பாலும் மருமகன், இல்லையென்றால் மருமகனின் நண்பர். கையில் செல்போன், செல்போனில் ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம், அதில் மூன்றாவது வரிசையில் பாதி முகம். அந்தப் பாதி முகத்தை வெட்டியெடுத்து முழு முகமாக்கி, பின்னால் நீல வானம் வைத்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, தோற்றம், மறைவு என்று தேதிகளைப் போட்டு, அடியில் 'இவண்' என்று எழுதி, அதற்குக் கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிக் கொடுப்பது என் தொழில். டிடிபி கடை. பதினைந்து வருடங்களாக நடத்துகிறேன்.

கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடிப்பேன்தான். அதற்கு வருகிறவர்கள் பத்து நாள் யோசிப்பார்கள், நான்கு தடவை எழுத்தை மாற்றச் சொல்வார்கள், கடைசியில் முதலில் காட்டியதையே எடுத்துக்கொள்வார்கள். எழவு வேலை அப்படியல்ல. ஒரே மூச்சில் முடிய வேண்டும். சொந்தக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் பேனர் பந்தலில் ஏறியாக வேண்டும்.

போன ஆடி மாதத்தில் ஒரு காலை அந்த மூச்சு நடுவில் நின்றுபோனது. வாழைத்தோட்டக்காரர் ஒருவர் இறந்திருந்தார். அவருடைய இரண்டு மகன்களும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கணினி ஏதோ அப்டேட் செய்கிறேன் என்று சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொல்ல, எனக்கு நானேதான். அந்த நேரம் பார்த்து அதுவும் கையை விரித்தது. கரண்ட் திரும்பி வந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அணைத்துப் போட்டேன். கெஞ்சினேன். பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினேன்.

முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூத்தவர் எழுந்தார். "பரவாயில்லீங்கம்மணி, நாங்க போற வழியில பாத்துக்கறமுங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

அப்பனைப் பறிகொடுத்தவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார். இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நான்கு வார்த்தை திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அந்த மரியாதை மூன்று நாள் என் தொண்டையிலேயே நின்றது.

மூன்றாம் நாள் கணினியைச் சரிசெய்து கொண்டுவந்த ரிப்பேர்காரர்தான் அதைச் சொன்னார். ஒரே கணினியில் இரண்டு சிஸ்டம் போட்டுக்கொள்ளலாமாம். பழையது பாட்டுக்குப் பழைய இடத்தில் இருக்கும். பக்கத்தில் லினக்ஸ் என்று இலவசமாகக் கிடைக்கிற இன்னொரு சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். ஒன்று படுத்துவிட்டால் மற்றதைத் திறந்து வேலையை முடித்துவிடலாம். "அடுத்த வாரம் வந்து நானே போட்டுத் தாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு அடுத்த வாரங்கள் போயின. போன் செய்தால் வழியில் இருக்கிறேன் என்பார். அந்த வழி எங்கே முடிகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் ஆகவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையல் மேடை. அம்மா இருந்தவரை அந்த அறையில் இரண்டு கட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். முழுதாக இறக்கினால் வெளிச்சம் போய்விடும், முழுதாகத் திறந்தால் ஜெராக்ஸ் எடுக்க யாராவது வந்துவிடுவார்கள். வந்தால் எரிச்சலாக இருக்கும். யாருமே வராவிட்டால் அதைவிட எரிச்சலாக இருக்கும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வேலைக்குப் பிடித்தன. முதல் ஞாயிறு முழுக்க வீடியோ பார்ப்பதிலேயே போனது. ஒரு வீடியோவில் சொல்லிக்கொடுத்தவர், "இந்த இடத்துல உங்க கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடும், அதனால பக்கத்துல இருக்கறவங்க போன்ல இந்த வீடியோவைத் தொடர்ந்து பாருங்க" என்றார். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சும்மா, பழக்கதோஷம். பக்கத்தில் லேமினேஷன் மெஷின் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு, இருந்ததையெல்லாம் பத்திரப்படுத்தினேன். ஏதாவது தவறினால் எல்லாம் அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது என்று ஆளாளுக்குப் பயமுறுத்தியிருந்தார்கள். வெளியே தனியாகச் செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, பதினைந்து வருடத்து வேலையை அதில் ஏற்றினேன். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர். கோபியிலும் சுற்றுவட்டாரத்திலும் செத்துப்போன அத்தனை பேரும் ஒரு சோப்புப் பெட்டி அளவு டப்பாவுக்குள் ஐந்து மணி நேரத்தில் போய்விட்டார்கள். கோப்புகளின் பெயர்கள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. நான்கு வருடம் முந்தைய ஃபோல்டர் ஓடியபோது மட்டும் எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு காலையில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி, கணினியைப் போட்டு, திரை வெளுப்பதற்குள் எஃப்12 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது முயற்சியில் பிடித்தது. டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்டது. ஒரு நீளமான பட்டை, நடுவில் ஒரு கோடு. கோட்டைப் பிடித்து இழுத்தால் இந்தப் பக்கம் பழையதற்கு, அந்தப் பக்கம் புதியதற்கு. அண்ணன் தம்பிகள் தோட்டத்தைப் பங்கு போட்டு வரப்புக் கட்டுவதுபோல இருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை என்பதுதான் வித்தியாசம். பழையதற்குக் கொஞ்சம் அதிகமாக விட்டேன். பொத்தானை அழுத்தும்போது, "ஆண்டவா" என்று சத்தமாகச் சொன்னது என் காதிலேயே விழுந்தது. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கோபம்கூட வந்தது. இதற்கா ஒரு மனிதர் நான்கு வாரம் வழியிலேயே இருந்தார்.

புதிய சிஸ்டம் சுத்தமாக, வெறிச்சென்று திறந்தது. ஒவ்வொன்றாகக் குடியமர்த்தினேன். தமிழ் எழுத்துருக்களைக் கொண்டுவந்தேன். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், பழைய தட்டச்சு முறையில்தான் என் விரல் ஓடும். அதுவும் உள்ளே இருந்தது. படம் வெட்டும் வேலைக்கும் பக்கம் அமைக்கும் வேலைக்கும் இலவச மென்பொருள்கள் இருந்தன. எல்லாம் இருந்தும் என்ன, ஒரு பேனரை ஆரம்பம் முதல் கடைசிவரை செய்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஒரு எழவன்று போய் அது வேலை செய்கிறதா என்று பார்க்க முடியாது.

கடைசிவரை என்றால் பிளக்ஸ் கடைவரை. நான் வடிவமைப்பதோடு சரி, பெரிதாக அச்சடிக்கும் மெஷின் என்னிடம் இல்லை. அது ஊரின் இன்னொரு கோடியில் ஒருவர் வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பன்னிரண்டு வருடப் பழக்கம். இணையத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவாக இரண்டு ஃபோல்டர்கள் உண்டு. ஒன்றின் பெயர் 'வேலை'. அதில் போட்டால் நான் போன் செய்து அளவும் எண்ணிக்கையும் சொன்ன பிறகுதான் அடிப்பார். இன்னொன்றின் பெயர் 'எழவு'. அதில் ஒரு கோப்பு விழுந்தால் போன் இல்லை, கேள்வி இல்லை, உடனே ஆறுக்கு நான்கு அளவில் அடித்து, அவரே மொபெட்டில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படியொரு ஏற்பாடு வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். "எழவூட்டுக்காரங்கள நிக்க வெக்கக் கூடாதுங்கம்மணி" என்பார்.

சோதனைக்கு ஒரு பேனர் வேண்டும். யார் பெயரில் அடிப்பது? உயிரோடு இருக்கிற யாருடைய பெயரையும் கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே அடிக்க எனக்குக் கை வராது. விளையாட்டுக்குக்கூட அடித்ததில்லை. ஏதோ ஒரு பெயரை இட்டுக்கட்டினாலும் அந்தப் பெயரில் எங்காவது ஒருவர் இருப்பார். சரி, ஏற்கெனவே இறந்தவர்களின் பேனர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால், அதையும் இந்தத் தொழிலில் இருக்கிற நாங்கள் செய்ய மாட்டோம். ஒரு வீட்டு எழவு பேனரை இரண்டாவது தடவை திறந்தால் அந்த வீட்டில் இரண்டாவது எழவு விழும் என்று ஒரு பயம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. நான் மீறியதில்லை. ஆகவே மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்தான். என் பெயரை அடித்தேன்.

புகைப்படம் தேடினேன். நான் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, டைப்ரைட்டிங் பரீட்சை ஹால் டிக்கெட்டுக்காக இருபத்தொரு வயதில் எடுத்தது. இரட்டை ஜடை, கனகாம்பரம், யாரையோ முறைக்கிற பார்வை. அதை வெட்டி நீல வானத்தில் வைத்தேன். தோற்றம் போட்டேன். மறைவுக்கு அன்றைய தேதியைப் போட்டேன். விரல் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒன்றுதான். பிறகு 'இவண்' என்று அடித்து அடுத்த வரிக்கு வந்தேன். அங்கே நின்றுவிட்டேன்.

ஆயிரக்கணக்கான பேருக்கு அந்த வரியை நிரப்பியிருக்கிறேன். மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி, சம்பந்தி, பங்காளிகள், மாமன் மச்சான்கள். இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கியிருக்கிறேன். என் பெயருக்குக் கீழே அத்தனை பெரிய இடம். கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. அழுகை வந்தது. வந்தது என்றால் வந்ததுதான், மறைக்க என்ன இருக்கிறது, பக்கத்தில் இருந்தது லேமினேஷன் மெஷின்தானே.

எனக்கு ஒரு தம்பி உண்டு. வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கிறான். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். எங்கள் அம்மாவைக் கடைசி ஆறு மாதம் வைத்துப் பார்த்தது அவன் மனைவிதான். குளிப்பாட்டியது, ஊட்டியது, துணி துவைத்தது எல்லாம் அவள். அம்மா போனதும் உடலைக் கோபிக்குக் கொண்டுவந்தார்கள். பேனரை நான் அடித்தேன். வேறு யார் அடிப்பார்கள்? முக்கால்வாசி முடித்திருந்தபோது கணினி உறைந்து நின்றது. சேமிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அடித்தேன். மகன், மகள், பேத்திகள் என்று அடித்து 'எழவு' ஃபோல்டரில் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். மருமகள் பெயர் விட்டுப்போயிருந்தது.

அவளுடைய பிறந்த வீட்டார் பல்லடத்திலிருந்து வேன் வைத்து வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் பந்தலுக்குள் வராமல் வெளியே நின்று பேனரைப் படித்தார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லோரும். அவள் எங்கள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரோ போய்ச் சொன்னார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். தம்பி நேராக என்னிடம் வந்தான். அத்தனை பேர் முன்னால் கேட்டான்.

"வேணும்னே உட்டுட்டியாக்கா?"

இரண்டு நாளாக நான் தூங்கியிருக்கவில்லை. மறந்துபோச்சுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால், அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. வேண்டுமென்றே செய்கிறவள் என்று இவனே நினைத்துவிட்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"ஆமாடா, வேணும்னுதான் உட்டேன்" என்றேன்.

கோபம் எனக்கு வருகிற வேகத்துக்கு, போகிற வழி தெரியாது. காரியம் முடிந்ததும் அவர்கள் வெள்ளகோவில் போய்விட்டார்கள். நான்கு வருடம் ஆகிறது. அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பொங்கல் வரும், தீபாவளி வரும், நான் மற்றவர்களின் வாழ்த்து அட்டைகளை அடித்துக்கொண்டிருப்பேன்.

அந்த வெற்றிடத்தில் தம்பியின் பெயரை அடித்துப் பார்த்தேன். அழித்தேன். அவன் மனைவியின் பெயரை முதலில் வைத்து, அவன் பெயரை அடுத்ததாக வைத்தேன். அதையும் அழித்தேன். என் சாவுக்கு யார் துக்கப்படுவார்கள் என்று நானே முடிவு செய்து அச்சடிப்பது அசிங்கமாக இருந்தது. வெறும் இடமாகவே விட்டுவிட்டுச் சேமித்தேன்.

பிறகு அதை 'எழவு' ஃபோல்டரில் போட்டேன். கையோடு எடுத்துவிடத்தான் நினைத்தேன். தவறக் கூடாத வழி அதுதான், அது திறக்கிறதா என்று தெரிய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுப் படுத்திருப்பார் என்ற தைரியமும் இருந்தது. பச்சை நிற டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. பழைய சிஸ்டம் நல்லபடியாக இருக்கிறதா என்று உடனே பார்க்கும் ஆசையில் கணினியை அணைத்துப் போட்டேன். ரிப்பேர்காரர் சொன்ன அந்தக் கேள்வி திரையில் வந்தது: எது வேண்டும்? பழையதைத் தேர்ந்தெடுத்தேன். திறந்தது. எல்லாம் இருந்தது. ஆனால், கடிகாரம் ஆறேகால் என்று காட்டியது.

உண்மையில் அப்போது பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கிறது. எதையோ கெடுத்துவிட்டேன் என்று போனை எடுத்தேன். பழையதற்கும் புதியதற்கும் நேரத்தை வைத்துக்கொள்கிற முறை வேறு, ஒன்று லண்டன் நேரத்தை எழுதி வைக்கிறது, மற்றது அதை நம்மூர் நேரம் என்று நம்பிவிடுகிறது என்று போனில் தேடித் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. யாராவது கூப்பிட்டால் தொந்தரவாக இருக்குமென்று, அழைப்பு எதுவும் திரையில்கூட வராதபடி போனை ஊமையாக்கி வைத்திருந்தேன். கடிகாரம் ஒருவழியாகச் சரியானது. பசித்தது. சோற்றுக்கு அரிசி களைந்தேன். 'எழவு' ஃபோல்டர் சுத்தமாக நினைவில் இல்லை.

மொபெட் சத்தம் கேட்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பிளக்ஸ் கடைக்காரர். எப்போதும் மை படிந்த பனியனோடு வருகிறவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நின்றார். கையிடுக்கில் பிளக்ஸ் ரோல். ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு மாலை.

"ஏனுங்கம்மணி, எத்தன தடவ போன் பண்ணறதுங்க? அட்ரஸே போடாம உட்டுப்போட்டீங்களே. எங்கீங்க கொண்டு போயிக் கட்டறது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் கையிடுக்கில் இருந்த ரோலையே பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"உங்குளுக்கு வேண்டப்பட்டவங்களாட்டிருக்குது" என்றார் மெதுவாக. "இவண்ணு போட்டு அதுக்குக் கீழ வெறும் எடமா இருந்துச்சுங்க. பேரு உட்டுப்போச்சோன்னு பாத்தேன். பொறவுதான் தோணுச்சு, பாவம், ஆருமில்லாத பொம்பளையாட்டிருக்குதுன்னு. வெறும் எடமா உட மனசு கேக்கலீங்க. 'ஊர்ப் பொதுமக்கள்'னு நானே போட்டுட்டனுங்க. தப்புங்களா?"

நான் தலையை ஆட்டினேன், தப்பில்லை என்று.

"ஒரு மாலையும் வாங்கியாந்தேனுங்க. நீங்களும் வாங்க, ஒட்டுக்காப் போயிட்டு வந்தர்லாம். ஆருமில்லாத எழவுல ரண்டு பேராச்சும் நின்னா நல்லாருக்குமுங்க."

"அது நாந்தானுங்ணா" என்றேன்.

"என்னங்க?"

"அந்தப் போட்டோல இருக்கறது. சின்ன வயசுல எடுத்தது. புதுசா ஒரு சிஸ்டம் போட்டனுங்க, வேலை செய்யுதான்னு பாக்க அடிச்சது. அழிக்க மறந்துபோச்சுங்க."

அவர் ரோலைப் பிரித்து ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். "இதுதானுங்களா உங்க பேரு?" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் அவருக்கு என் பெயர் தெரிந்திருக்கவில்லை. அம்மாவின் பேனரில் அது அவர் மெஷினில் ஓடியிருக்கும், ஆயிரம் பெயர்களில் ஒன்றாக. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் போனில் அவர் 'பிளக்ஸ் அண்ணன்'. அவர் பெயர் என்ன என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "கிறுக்கு புடிச்சுப்போச்சுங்களா உங்குளுக்கு? உசுரோட இருக்கறவங்க பேருல ஆராச்சும் இப்படி அடிப்பாங்களாங்க? நா ஆருமில்லாத எழவுன்னு நெனச்சு அடிச்சுப் புடிச்சு ஓடியாரேன்!" திட்டும்போதும் அந்த 'ங்க' மட்டும் போகவில்லை. ஒருவர் எனக்காகக் கோபப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று. அதற்காகவே இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நின்றேன்.

"நீங்க நெனச்சதுல தப்பொண்ணும் இல்லீங்ணா" என்றேன்.

அவர் நிறுத்திவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். மாலைப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். எழவு மாலையை வீட்டுக்கும் கொண்டு போக முடியாது, சாமிக்கும் போட முடியாது. ஏதாவது பேச வேண்டுமே என்று இரண்டு சிஸ்டம் விஷயத்தை விளக்கினேன். ஒன்று படுத்துவிட்டால் மற்றது எழுந்து நிற்கும், இனி எந்த வீட்டு எழவும் தடைபடாது என்றேன். அவர் கணினியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது சரிங்க" என்றார். "உங்குளுக்கு நெசமாலுமே ஒண்ணு ஆச்சுன்னா நா ஆருக்குங்க போன் பண்ணறது?"

நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். "சொல்லிப்போட்டுப் போங்க" என்றார். போனை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பதில் வாங்காமல் அவர் எழுந்து போகப்போவதில்லை என்று தெரிந்தது.

தம்பியின் எண்ணை என் போனிலிருந்து அழித்து நான்கு வருடம் ஆகிறது. பத்து இலக்கத்தையும் தடுமாறாமல் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக அடித்தார். யாரென்று கேட்டார். "தம்பிங்க. வெள்ளகோவில்ல இருக்கறான்" என்றேன். ரோலின் ஓரத்தைப் பிரித்து என் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டி அடித்து, பக்கத்தில் 'தம்பி' என்று போட்டுச் சேமித்தார்.

"இந்த நம்பரு இப்பவும் இருக்குதுங்களா?"

"தெரியலீங்ணா. மாத்தியிருப்பான்."

"அப்பப் பாத்தர்லாமுங்க" என்றவர், நான் கையை நீட்டுவதற்குள் அழுத்திவிட்டார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. நான்கு அடித்தது. ஐந்தாவதில் எடுத்தார்கள். பின்னால் மில் இரைந்துகொண்டிருந்தது.

"அலோ, ஆருங்க?"

"கோபியிலிருந்து பேசறனுங்க. பிளக்ஸ் கடைக்காரன். உங்கக்கா..." என்று ஆரம்பித்தார். மேற்கொண்டு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

கோபியிலிருந்து ஒரு பிளக்ஸ் கடைக்காரர் எதற்காகக் கூப்பிடுவார் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மில் சத்தம் சட்டென்று தூரமானது. அவன் ஓடுகிறான் என்று தெரிந்தது.

"அக்காளுக்கு என்னாச்சுங்க? ஏனுங்க, சொல்லுங்க, அக்காளுக்கு என்னாச்சு? ஏ புள்ள, கார் சாவிய எடு, அக்காளுக்கு என்னமோ ஆயிப்போச்சு..."

பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. "சாவி இந்தாங்க. இருங்க, நானும் வாரேன்."

பிளக்ஸ் அண்ணன் போனை என் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கம் இரண்டு பேரும் மூச்சு வாங்குவது கேட்டது.

"எனக்கு ஒண்ணும் ஆகலடா, சாமி" என்றேன். "அவ பேர நா வேணும்னு உடலடா. மறந்துபோச்சு."